தண்டப்பேர் இல்லாத உழவர்: நெய்யாற்றங்கரை – பாறசாலை எல்லைச் சிற்றூர்களில் அடிமை விடுதலையும் அரசு நிலமும்

பாறசாலைக்குத் தெற்கே சில கல் தொலைவில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறையை ஒட்டி அமைந்துள்ளது பார்த்திவசேகரபுரம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு திருமால் கோயிலையும், தொண்ணூற்றைந்து சட்டர்க்கு இடமளித்த ஒரு சாலையையும் நிறுவினான். அந்நிலம் மன்னனுக்குரியதாக இருக்கவில்லை. முஞ்சிறைச் சபையாருக்குரியதாக இருந்தது. வேறு நிலத்தை ஈடாகக் கொடுத்தே மன்னன் அதனைப் பெற்றான் என அவனது செப்பேடு கூறுகிறது. து. அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்த இச்செப்பேடு, கோயில் வரலாற்றுக்கும் கல்வி வரலாற்றுக்கும் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. ஆளும் மன்னனும் பிறர் நிலத்தை மாற்று நிலம் கொடுத்தே பெற வேண்டியிருந்தது என்பது நிலவுரிமை வரலாற்றுக்கு அதனினும் முதன்மையான செய்தியாகும்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இவ்வட்டாரத்தில் இந்நிலை தலைகீழாகியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பிரபுக்கள், கோயில்கள், ஊர்ச்சபைகள் ஆகியோர் கையிலிருந்த நிலம் பல வழிகளில் அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. அவ்வாறு சேர்ந்த நிலம் பின்னர் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதும், அதனை உழுதுவந்த அடிமை மக்கள் விடுதலை பெற்ற பின் எங்கே குடியமர்ந்தனர் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

நிலம் அரசிடம் சேர்ந்த வழிகள்

மார்த்தாண்டவர்மர் (1729–1758) அரியணை ஏறுமுன் எதிரிகளிடமிருந்து தப்பி, நெய்யாற்றங்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது அவ்வூர் வழக்கு. அம்மச்சிப் பிலாவு என்று அம்மரத்திற்குப் பெயர். இது வரலாறோ மரபுரையோ, பின்னர் நிகழ்ந்ததற்கு ஆவணச் சான்று உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் அவர்களைச் சார்ந்தோரும் அடக்கப்பட்டனர். அவர்தம் உடைமைகள் பறிமுதலாயின. 1739இல் பள்ளியாடியைச் சேர்ந்த மல்லன் சங்கரன் நிலங்களை வகைப்படுத்திப் பதிவு செய்தார். பள்ளியாடி இன்று எல்லையின் தமிழகப் பகுதியில் உள்ளது. திருவிதாங்கூரின் முதல் பெரும் நிலப்பதிவு இவ்வட்டாரத்தவர் ஒருவரின் பெயரால் அறியப்படுவது குறிப்பிடத்தக்கது. 1811ஆம் ஆண்டளவில் ரெசிடென்டாகவும் திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோ கோயில் நிலங்களை அரசின் ஆளுகைக்குள் கொண்டுவந்தார். இவற்றின் பயனாகத் தென்திருவிதாங்கூரில் அரசே பெரும்பகுதி நிலத்திற்கு உரிமையாளர் ஆயிற்று. மலபாரிலும் கொச்சியிலும் ஜன்மிகளே நிலமுதலாளிகளாக நீடித்தமையை நோக்க, இவ்வேறுபாடு பெரிது.

இந்நிலங்களுக்கு ஏற்பட்ட பெயர்கள் இன்றும் எல்லையின் இருபுறத்துப் பத்திரங்களிலும் வழங்குகின்றன. அரசுக்குரியது பண்டாரவகை, பத்மநாபசுவாமி கோயிலுக்குரியது ஸ்ரீபண்டாரவகை, மன்னரின் சொந்தப் பண்ணையாகக் கருதப்பட்டது கண்டுகிருஷி, இதுவரை யார் பெயரிலும் பதியப்படாத தரிசும் காட்டோரமும் புதுவல். நிலத்தைத் தன் பெயரில் உடையவனுக்குக் கிராம ஆவணத்தில் ஒரு தண்டப்பேர் உண்டு. பண்டாரவகை வயலிலும் கண்டுகிருஷி வயலிலும் சேற்றில் இறங்கி நின்ற புலையர், பறையர் ஆகியோருக்குத் தண்டப்பேர் கிடையாது. ஆனால் அவர்கள் பெயர் எழுதப்பட்ட ஆவணம் வேறு வகையில் உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் ஆட்களை விற்றதும் வாங்கியதும் பதிவாகியுள்ளன. நிலத்தின் ஆவணத்தில் இடம்பெறாத மனிதர் விலைப்பொருளாக மற்றோர் ஆவணத்தில் இடம்பெற்றிருக்கின்றனர். ஆ. சிவசுப்பிரமணியனின் தமிழகத்தில் அடிமைமுறை, கே. சாரதாமணியின் புலையர் குறித்த ஆங்கில நூல் ஆகியவற்றிற்குப் பின் இவ்வோலைகளை வெறும் பொருளியல் ஆவணங்களாக மட்டும் படிப்பது இயலாது.

1855: நிலமில்லா விடுதலை

1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அவர்களுள் அடிமைகள் 1,64,864 பேர். ஏறத்தாழ எண்மரில் ஒருவர். 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் ஆள்விற்பனையைத் தடைசெய்த ஆணை, நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவடிமைகளை உள்ளடக்கவில்லை, பெரும்பான்மையோர் அவர்களே. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843இல் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு நீக்கப்பட்ட பின், 1847இல் திருவிதாங்கூர், கொச்சி மிஷனரிகள் கூட்டாக மன்னருக்கு விண்ணப்பித்தனர். 1853இல் வந்த பிரகடனம் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை மட்டுமே விடுவித்தது. முழு விடுதலை 1855 ஜூனில் வந்தது.

அப்பிரகடனத்தில் நிலம் பற்றிய ஏற்பாடு எதுவும் இல்லை. விடுதலை பெற்றவனின் குடில் வயல்வரம்பிலோ தோப்பின் மூலையிலோ இருந்தது. அம்மண் உடையவனுக்கு உரியது. வேலையை விட்டால் குடிலை விட வேண்டும். குடிலை விட்டால் வேறு இடமில்லை. சட்டம் அறுத்த கட்டை வரம்பு மீண்டும் பிணைத்தது. இதில் அரசின் பொறுப்பு தனியாக எண்ணத்தக்கது. தனியார் ஜன்மியிடம் நிலம் கேட்க அரசுக்குத் தயக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அரசே பெருநில உடைமையாளன். அரசே அடிமைகளையும் வைத்திருந்தது. தன் அடிமைகளுக்குத் தன் நிலத்தில் ஒரு பகுதியை எழுதிக்கொடுக்க எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை.

இதனை அக்கால உலகிற்குப் புறம்பான எதிர்பார்ப்பு எனத் தள்ளிவிட இயலாது. அமெரிக்க – பிரிட்டிஷ் போரின்போது (1812–1815) அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து தப்பிப் பிரிட்டிஷ் கப்பல்களை அடைந்த கறுப்பின மக்களுள் ஏறத்தாழ 2,000 பேர் நோவா ஸ்கோஷியாவில் இறக்கப்பட்டனர். முன்னர்ப் பிறருக்கு வழங்கப்பட்டுப் பயன்படாமல் கிடந்த நிலங்களுள் சிலவற்றை மீட்டு, மன்னர் பெயருக்கு மாற்றி, பிரெஸ்டன், ஹாமண்ட்ஸ் பிளெயின்ஸ் ஆகிய இடங்களில் இவ்வேதிலிகளைக் குடியமர்த்தினர். ஒரு குடும்பத்திற்குப் பத்து ஏக்கர் என்பது அளவு. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது குடியிருப்பு உரிமம். விற்கவோ ஈடுவைக்கவோ இயலும் முழுவுரிமை அன்று. கல்லும் சதுப்புமான மண். பத்து ஏக்கர் அங்கு ஒரு குடும்பத்தின் வயிற்றுக்குப் போதவில்லை. பிரெஸ்டன் மக்களுக்கு 1842இல்தான் நிலவுரிமை ஓரளவு கிட்டியது. அவர்தம் வழியினர் வாழும் ஊர்களில் தெளிவற்ற உரிமைகளைச் சீர்செய்ய 2017இல்கூட அம்மாகாண அரசு தனித்திட்டம் வகுக்க வேண்டியிருந்தது. நோவா ஸ்கோஷியா ஒரு நன்மாதிரி என்பதற்காக இது இங்கே கூறப்படவில்லை. விடுதலை பெற்றோரைக் குடியமர்த்த நிலத்தை அரசு தன்பால் மீட்டெடுக்கலாம் என்ற எண்ணம், அதே பேரரசின் மற்றொரு மூலையில், 1855க்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே நடைமுறையில் இருந்தது என்பதே கருதத்தக்கது. திருவிதாங்கூரில் நிலத்தை மீட்கும் வேலைகூட மிச்சமிருக்கவில்லை. நிலம் ஏற்கெனவே அரசிடம் இருந்தது.

அரசு அளிக்காத அடைக்கலத்தைச் சிறிய அளவில் அளித்தவை மிஷன் நிலையங்கள். லண்டன் மிஷனரி சங்கத்தின் பாறசாலை நிலையம் இவ்வகையில் முதன்மையானது. அங்குப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் இருபத்திரண்டு ஆண்டு நினைவுகளை 1870இல் நூலாக்கினார். சாமுவேல் மெற்றீர் 1871, 1883 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் அடிமைச் சாதியாரின் நிலையை விரிவாகக் கூறுகின்றன. சமயமாற்றத்தின் நோக்கில் எழுதப்பட்டவை என்ற எச்சரிக்கையோடுதான் இவற்றைப் படித்தல் வேண்டும். எனினும் வேலைநிலை, கூலி, குடில் ஆகியன பற்றி அவை தரும் செய்திகளை விலக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது. பள்ளியும் மருத்துவமும் வழக்கில் துணையும் மிஷனால் கிடைத்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் தர அதனால் இயலவில்லை.

பண்டாரப்பாட்டப் பிரகடனம்

விடுதலைக்குப் பத்தாண்டு கழித்து, 1865 ஜூனில், திவான் டி. மாதவராவ் காலத்தில் பண்டாரப்பாட்டப் பிரகடனம் வெளியாயிற்று. பண்டாரவகை நிலத்தைப் பாட்டத்திற்கு வைத்திருந்த குடியானவனுக்கு அந்நிலத்தை விற்கவும் ஈடுவைக்கவும் மரபுரிமையாக விடவும் உரிமை கிட்டியது. அவன் செலுத்திய பாட்டம் வரியாக மாறியது. திருவிதாங்கூர் உழவரின் உரிமைப் பட்டயம் என வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுவர். நாயர், சிரியன் கிறித்தவர், ஓரளவு நாடார், ஈழவர் ஆகியோரிடையே ஒரு சிறுவுடைமை வகுப்பு உருவாக இது அடிப்படையாயிற்று.

இப்பாராட்டு ஒருபக்கப் பார்வையின் விளைவாகும். அரசு நிலம் குடியானவனுக்குச் சொந்தமாகலாம் என்று ஏற்றுக்கொண்ட அரசு, யார் குடியானவன் என்பதை ஏட்டைப் பார்த்தே முடிவுசெய்தது. ஏர் பிடித்தவனின் பெயர் அவ்வேட்டில் இல்லை. நிலம் விற்பனைப் பொருளாகிய பின் அதன் மதிப்பு உயர்ந்தது; புதிய உடைமையாளன் வரம்பில் கிடந்த குடிலை அகற்றுவதும் எளிதாயிற்று. 1855, 1865 ஆகிய இரு பிரகடனங்களையும் தனித்தனியே முற்போக்கு நடவடிக்கைகளாகப் பட்டியலிடும் வழக்கத்தை விடுத்து, ஒன்றையொன்று ஒட்டிப் படித்தல் வேண்டும். முதலாவது ஆளை நிலத்திலிருந்து பிரித்தது. இரண்டாவது அந்நிலத்தை வேறொருவனுக்கு உறுதிசெய்தது.

மிஞ்சியிருந்தது புதுவல். மலையடிவாரத்தையும் குன்றுச்சரிவையும் வெட்டித் திருத்தி, விண்ணப்பித்து, பதிவு பெறலாம் என விதி இருந்தது. திருத்தும் உழைப்பு புலையருக்குப் பழக்கமானது. விண்ணப்பம் எழுதுவதும், பகுதிக் கச்சேரியின் படியேறுவதும், அளவையாளரை அழைத்து வருவதும் அவ்வாறில்லை. தீண்டாமையால் கச்சேரிக்குள் நுழையவே இயலாதவர் தம் விண்ணப்பத்தை எவ்வாறு தொடர்வது? அவர் வெட்டித் திருத்திய நிலம், திருத்தி முடிந்த பின், வசதியுடைய வேறொருவர் பெயரில் பதிவாகியது.

அய்யன்காளியின் கோரிக்கை

விழிஞ்ஞத்திற்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி தொடங்கிய இயக்கம் பெரும்பாலும் பொதுவழி உரிமை, கல்வி உரிமை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1893இல் வில்வண்டியில் ஏறி அவர் பொதுவழியே சென்றதும், பாலராமபுரம் சாலியர் தெருவில் நடந்த மோதலும், ஊரூட்டம்பலத்தில் ஒரு புலையச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது பள்ளிக்கு மூட்டப்பட்ட தீயும் பரவலாக அறியப்பட்டவை. நிலம் பற்றிய அவருடைய கோரிக்கைக்கு அந்த அளவு கவனம் கிட்டவில்லை.

பள்ளி நுழைவுரிமையை முன்வைத்து நெய்யாற்றங்கரை, விழிஞ்ஞம், கண்டளை, பள்ளிச்சல் பகுதிகளில் நடந்த வேலைநிறுத்தம் இக்கோரிக்கையின் பின்னணியை விளக்கும். அதன் ஆண்டு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1907–1908 எனப் பொதுவாகக் கூறுவர். வயலில் இறங்க மறுத்தவர்களுக்கு உண்ண வழியில்லை. சொந்தமாக ஒரு மரவள்ளி மூட்டுக்குக்கூட இடமில்லாதவர் மாதக்கணக்கில் வேலையை மறுப்பது எங்ஙனம்? அய்யன்காளி விழிஞ்ஞம் மீனவரிடம் சென்றார். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மீன்பிடியில் பங்கு கொடுக்க அவர்கள் இசைந்தனர். நிலத்தில் கால்வைக்க இடமற்றவர்க்குக் கடல் சிறிது காலம் இடம் கொடுத்தது. இறுதியில் மாஜிஸ்ட்ரேட் கண்டளை நாகம்பிள்ளை நடுவராக அமர்ந்து இணக்கம் கண்டார். கூலிக்காரனின் போராட்டம் அவன் கைவசமுள்ள நிலத்தின் அளவே நீடிக்கும் என்ற உண்மையை அய்யன்காளி இங்கே நேரில் கண்டிருக்க வேண்டும்.

1907இல் அவர் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கம் இதன்பின் நிலத்தை முன்வைத்தது. ஸ்ரீமூலம் பிரஜாசபையில் முதலில் புலையருக்காகப் பேசியவர் சுபாஷிணி இதழாசிரியர் பி. கே. கோவிந்தப்பிள்ளை. 1911 டிசம்பரில் அய்யன்காளியே உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1912ஆம் ஆண்டுக் கூட்டத்தில் தம் மக்களுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் புதுவல் நிலம் பதிந்து தரவேண்டும் என்றும், அவர்கள் வைத்திருக்கும் நிலத்திலிருந்து பிறர் அவர்களை வெளியேற்றுவதைத் தடுக்கவேண்டும் என்றும் கோரினார். தானமாகவோ கருணையாகவோ அவர் எதையும் கேட்கவில்லை. அரசு தன் விதியின்படி பிறர்க்குச் செய்துவந்த பதிவையே தம்மவர்க்கும் கேட்டார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில், நெய்யாற்றங்கரைக்கு வடக்கே விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்பது பங்கீடு.

ஓர் ஏக்கர் சிறிதே. ஆயினும் விடுதலைக்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், விடுதலை பெற்றோரின் பேரப்பிள்ளைகள் அரசு நிலத்தில் தம் பெயரில் குடியமர வழி திறந்தது இங்கேதான். சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின்பின் 1892 ஆணையால் வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தோடு இதனை ஒப்பிடலாம். அங்கே நிலம் பிறர் கைக்கு மாறாதிருக்க விற்பனைத் தடை விதிக்கப்பட்டது. அத்தடையையும் மீறி அந்நிலம் பெருமளவில் கைமாறியதைத் தமிழ்நாட்டின் பிற்கால வரலாறு அறியும். அங்கு முயற்சி ஓர் ஆட்சியரின் அறிக்கையிலிருந்து தொடங்கியது; இங்கு நிலமற்றோரின் சங்கத்திலிருந்து எழுந்தது. இவ்வேறுபாட்டைத் தமிழ் ஆய்வுலகம் போதிய அளவு கருதவில்லை.

எல்லை பிரிந்த பின்

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த காலத்தை ஒட்டி, கொல்லம் 1124ஆம் ஆண்டுக் கண்டுகிருஷிப் பிரகடனத்தால் மன்னரின் சொந்தப் பண்ணை நிலம் அரசு நிலமாக மாறியது. தனியுடைமையாகக் கருதப்பட்ட நிலம் முழுவதுமாக அரசுக்கு மாற்றப்பட்டமைக்கு இவ்வட்டாரத்தில் இதனினும் தெளிவான சான்று இல்லை. அந்நிலத்தைப் பதிந்தளிப்பதற்குக் கேரள அரசு 1958இல் விதிகள் வகுத்தது. முன்னுரிமை, நிலத்தை ஏற்கெனவே கைவசம் வைத்திருந்த குடியானவர்க்கே சென்றது. 1865இன் தருக்கம் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

இதற்கிடையில் 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லை பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது. மொழியைக் கொண்டு வரைந்த அக்கோட்டின் இருபுறத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்களும், ஒரே நில வழக்காறும் இருந்தன. தெய்வத்தின் நிலமும் இரண்டாகப் பிரிந்தது. பத்மநாபசுவாமி கோயிலின் ஸ்ரீபண்டாரவகை நிலத்தைத் தமிழகப் பகுதியில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ரயத்துவாரியாக மாற்றியது. கேரளப் பகுதியில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அரசிடம் சேர்த்தது.

கேரளத்தில் 1963இல் நிறைவேறிய நிலச்சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1 முதல் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது. அன்று குத்தகை நிலங்களின் மீதான நிலவுடைமையாளர் உரிமை அரசிடம் சேர்ந்தது; அரசிடமிருந்து அது குத்தகையாளருக்குச் சென்றது. உழைப்பாளியான குடிகிடப்புக்காரனுக்கு, ஊராட்சிப் பகுதியானால் பத்து சென்ட், நகராட்சியானால் ஐந்து, மாநகராட்சியானால் மூன்று சென்ட் என விலைக்குப் பெறும் உரிமை கிடைத்தது. பாறசாலை வயல்வரம்பில் நூற்றுப்பதினைந்து ஆண்டுகளாகப் பெயரில்லாமல் நின்ற குடில் பத்து சென்ட் மண்ணோடு தண்டப்பேர் பெற்றது. இதன் பெருமையைக் குறைத்துக் கூறுதல் தகாது: வேலையை மறுத்தால் வீட்டை இழக்கும் நிலை அன்றே முடிந்தது. வயல் மட்டும் அப்போதும் வந்து சேரவில்லை. 1972இல் எம். என். கோவிந்தன் நாயர் முன்னின்று தொடங்கிய லட்சம் வீடு திட்டம் வீடற்றோரை நெருக்கமான குடியிருப்புகளில் சேர்த்தது. வீட்டின் பின்புறம் தென்னை ஊன்றவும் அங்கு இடம் குறைவு.

களியக்காவிளையின் மறுபுறத்தில் 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமொன்று உழவுத் தொழிலாளர்க்கு அவர்தம் மனையை உரிமையாக்கியது. அச்சட்டம் அம்மனையைக் குடியிருப்பு எனக் குறிக்கிறது. கேரளச் சட்டத்தில் அதற்குப் பெயர் குடிகிடப்பு. இருத்தலும் கிடத்தலும் ஆகிய இரு வினைகளும் எல்லைச் சிற்றூர்களின் பேச்சில் இன்றும் வழங்குகின்றன. பத்திரம் எழுதச் செல்பவர் எப்பக்கத்து அலுவலகத்துக்குச் செல்கிறார் என்பதைப் பொறுத்தே அவ்விரு சொற்களுள் ஒன்று அவர் மண்ணின் பெயராக எழுதப்படுகிறது.